என் இடத்துக்கு ஓர் ஆள்

அந்தக் காலத்துத் தருமபுரியில் ஏ.சி. வைத்த அறை எங்கள் ஆராய்ச்சி நிலையத்துப் பஞ்ச் கார்டு அறை ஒன்றுதான் என்பார்கள். "உங்களுக்கென்னங்க, ஜிலுஜிலுன்னு உக்காந்து வேலை" என்று காய்கறிக்காரம்மா வரை பொறாமைப்பட்டார்கள். குளிர் எனக்காக இல்லை, அட்டைகளுக்காக என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஈரம் பட்டால் அட்டை உப்பும், தூசி பட்டால் இயந்திரத்தில் சிக்கும். அதனால் ஜன்னல்களை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். வெளியே மழை பெய்கிறதா என்பதைக்கூட உள்ளே வருகிறவர்களின் சேலை நுனியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

தண்ணீரிலுள்ள ஃபுளோரைடால் பல் பழுப்பேறி, முதுகு வளைந்துபோகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. டாக்டர்கள் கிராமம் கிராமமாகப் போய்க் குறித்து வருவதை நாங்கள் அட்டைகளில் துளைகளாக்கி, சென்னையிலிருந்த கம்ப்யூட்டருக்கு ரயிலில் அனுப்புவோம். ஒருத்தி துளையிடுவாள். இன்னொருத்தி அதையே வேறொரு இயந்திரத்தில் மறுபடி தட்டிச் சரிபார்ப்பாள். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். அந்த அறைக்கு நான் பொறுப்பு.

என் கணவருக்குச் சென்னையில் வேலை. மகள் அங்கே என் மாமியாரிடம் வளர்ந்தாள். நான் லீவில் போனால், "அந்த அம்மா எப்பப் போவாங்க?" என்று பாட்டியின் காதில் கேட்பாள். எனக்கு உயிரே போய்விடும். மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நிலையத்தின் தலைவரான பெரிய டாக்டரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "உங்க எடத்துக்கு ஆள் தயார் பண்ணுங்கம்மா. அன்னிக்கே அனுப்பறேன்."

தயார் செய்தேன். முதலில் பழகியவளை ஒரு பேங்க் கொத்திக்கொண்டு போனது. அடுத்தவள் கல்யாணமாகி ஓசூர் போனாள். அப்புறம் வந்தவள் உள்ளூரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவள் துளையிட்ட அட்டைகளை நான் சரிபார்க்க உட்கார்ந்தால் சிவப்பு விளக்குக்கு வேலையே இருக்காது. அவளுக்கு இயந்திரம் சுத்தம் செய்வதிலிருந்து அட்டைக்கட்டு அடுக்குவதுவரை எல்லாம் கற்றுக்கொடுத்தேன். என் விடுதலையே அவள் விரல்களில் இருப்பதாக நினைத்தேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். விடுவேனா? "இந்தப் பொண்ணு இருக்கறப்ப நான் எதுக்கு சார்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவளுக்கும் தெரியும்" என்றேன். அவர் அவள் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார், தலையாட்டினார். நான் வீட்டுக்குப் போய், கட்டிலை யாரிடம் தள்ளிவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன்.

மாற்றல் உத்தரவு வந்தது, அவளுக்கு. சென்னையில் ஒரு நல்ல கை தேவைப்பட்டதாம்.

"ரெண்டு பேர்ல ஒருத்தரத்தானேம்மா விட முடியும்?" என்றார் பெரிய டாக்டர். "பொறுப்புல இருக்கற உங்கள எப்படி அனுப்பறது? அவளப் பத்தி நீங்கதான அவ்வளவு சொன்னீங்க?"

மேஜையிலிருந்ததை எல்லாம் வாரி வீசலாம் போலிருந்தது. இனி யாருக்கும் எதையும் சொல்லித்தரக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். மறுவாரமே புதிதாக ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பினார்கள்.

துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண் கிளம்புகிற அன்று கண் கலங்கி நின்றாள். "நானா கேக்கலீங்க்கா. சென்னைல எங்க மாமா வூடு உங்க வூட்டுக்குப் பக்கந்தானாம். ஞாயித்துக்கெழமைல போயி பாப்பாவப் பாத்துக்கறேன். உங்களப் பத்தி என்ன சொல்லட்டுங்க்கா?"

அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஒரு குழந்தையிடம் சொல்லும்படியாக என்னைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை.

"நல்லாச் சாப்பிடச் சொன்னேன்னு சொல்லு" என்றேன்.