பச்சைச் சூரியன்

எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சூரியனைப் படம் பிடித்தவர். ஒழுங்காகப் பிடித்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது. குக்கரில் தண்ணீர் வைக்க மறந்தாலும் சரி, தப்பான டிராமில் ஏறி எங்கேயோ போய் இறங்கினாலும் சரி, "சூரியனையே படம் புடிச்சவனாச்சே, இதெல்லாம் அவனுக்கு எம்மாத்திரம்" என்று அத்தை ஆரம்பித்துவிடுவாள். சித்தப்பா சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. நஷ்டப்பட்டவள் நான்.

அப்பாவும் சித்தப்பாவும் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். காளிகாட்டில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அப்பாவின் அக்காவான அத்தை வைத்ததுதான் சட்டம். எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. டயமண்ட் ஹார்பரில் சூரியன் முழுசாக மறையும் என்றும், கல்கத்தாவில் நகக்கீற்று அளவு மிச்சம் இருக்கும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

சித்தப்பா ஒரு கப்பல் அதிகாரியிடம் கெஞ்சி, ஒரு வாரத்துக்கு வீடியோ கேமரா வாங்கி வந்தார். துறைமுகத்தில் வெல்டிங் வைப்பவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியும் ஒன்று வந்தது. தினமும் காலையில் அலுவலகம் போவதற்கு முன் மொட்டைமாடியில் ஒத்திகை. முதல் நாள் கேமராவைத் தானாக வேலை செய்ய விட்டார். கண்ணாடி வழியாகத் தெரிந்த இருட்டைக் கண்டு பயந்துபோன அந்த யந்திரம் வெளிச்சத்தை வாரி இழுத்துக்கொண்டது. சூரியன் ஊத்தப்பம் மாதிரி ஊதி வெள்ளையாக விழுந்தது. இரண்டாம் நாள் வெளிச்ச அளவைக் கையால் குறைத்தார். சூரியன் வட்டமாக வந்தது, ஆனால் ஃபோகஸ் தானாகவே உள்ளே போய் வெளியே வந்து விளிம்பைக் கலைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அதையும் கையால் நிறுத்தினார். வெல்டிங் கண்ணாடியின் புண்ணியத்தில், சின்னத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சூரியன் நின்றது. நல்ல நாரத்தங்காய்ப் பச்சை.

ஒவ்வொரு நாளும் கீழே இறங்கி வந்ததும் அவர் நேரே சித்தியிடம் போவார். சித்தி கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கிசுகிசுவென்று பேசுவார்கள். அதில் இருந்த எண்களெல்லாம் சித்தியின் கையெழுத்தில் இருந்தன. சித்தப்பாவின் கையெழுத்து மோசம், அதனால் சித்தி எழுதித் தருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை கரு நிற்காமல் போயிருந்தது. கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளை மூளியாகப் பிறக்கும் என்பதில் அத்தைக்குத் துளியும் சந்தேகம் இல்லை. "ரெண்டு தடவ கைநழுவிப் போச்சு. இந்தத் தடவ ஒரு பொட்டு வெளிச்சம் அவ மேல படப்பிடாது, கேட்டியளா" என்று சொல்லிவிட்டாள். சித்தி அறையின் ஜன்னலில் போர்வை தொங்கியது. கிரகணம் விடும்வரை கதவுக்கு வெளியே ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

என் பெயரைச் சொன்னது சித்தப்பாதான். நான் ஓவென்று அழுதேன். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அழாத. எல்லாரும் கண்ணக் கெடுத்துக்கிட்டு அண்ணாந்து பாப்பாங்க. ஒனக்கு டிவியில பெருசாப் போட்டுக் காட்டுதேன். மொதல்ல ஒனக்குத்தான்" என்றார். நம்பினேன். டயமண்ட் ஹார்பருக்கு அலுவலக வேனில் அப்பா கிளம்பினார். சித்தப்பாவுக்கும் இடம் இருந்தது. முழுக் கிரகணத்தை விட்டுவிட்டு, காளிகாட் மொட்டைமாடியில் முக்காலே மூணு வீசம் கிரகணத்தைப் பிடிக்க உட்கார்ந்த மனுஷரைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று காலை, முந்தின நாள் வெடித்த பட்டாசின் புகை தெருவில் இன்னும் கலையாமல் நின்றது. பலகாரத் தூக்கின் மேல் தர்ப்பை போட்டு மூடிவிட்டு, அம்மாவும் அத்தையும் முன்னறையில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் சித்தியின் அறைக் கதவில் சாய்ந்து, நடையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சித்தி முருகன் பாட்டுப் பாட ஆரம்பித்தாள்.

அந்த நடையின் ஜன்னலில் பழைய பச்சைப் பலகைகள். பூச்சி அரித்துப் பொட்டுப் பொட்டாகத் துளை விழுந்தவை. தினமும் காலையில் அந்தத் துளைகள் வழியாக எதிர்ச் சுவரில் காசு காசாக வெளிச்சம் விழும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காசுகள் ஓரத்தில் குறைந்தன. பாதியாயின. கடைசியில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகளாக மிதந்தன. வீட்டுக்குள் சாயங்காலம் மாதிரி ஒரு சாம்பல் நிறம் பரவியது. காக்கைகள் கத்திவிட்டு அடங்கின. தெருவில் யாரோ சங்கு ஊதினார்கள். கையை நீட்டினேன், உள்ளங்கையிலும் ஒரு பிறை வந்து உட்கார்ந்தது. விரலை மூடினால் விரல் மேல் ஏறிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் சித்தியின் பாட்டு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கண் சொக்கியது. சூரியனைத்தான் நான் கையில் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பார்க்க முடியாமல் போனதே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

பாட்டு 'டக்' என்று பாதியில் நின்றது. அறைக்குள் சத்தமே இல்லை. "சித்தி" என்று கூப்பிட்டேன், பதில் வரவில்லை. முன்னறையிலிருந்து அத்தை, "ஏட்டி, அவ என்ன செய்தா?" என்றாள். "தூங்குதாவ அத்தை" என்றேன், காவல்காரியின் மிடுக்கோடு. சுவரில் பிறைகள் மறுபடி தடிக்கத் தொடங்கிய பிறகு உள்ளே சித்தி இருமினாள்.

மத்தியானம் குளித்துச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அப்பா பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்த கதையைப் பத்தாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா கேமராவோடு வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் விழல," என்றார். "வெளிச்ச அளவு தப்பாப் போச்சு. எல்லாம் கறுப்பா கெடக்கு."

அத்தை சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. தினமும் வேலை முடிந்து வரும்போது இலையில் கட்டிய ஒரு சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து என் பாடப் புத்தகத்தின் மேல் வைப்பார். சந்தேஷைத் தின்றேன். பேசவில்லை.

தை மாதம் சித்திக்குப் பெண் பிறந்தது, பூரணமாக, மூக்கும் முழியுமாக. "அன்னைக்கு நான் உள்ள வச்சு அடைச்சதாலதான்" என்று அத்தை இன்றுவரை சொல்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதானபோது சித்தப்பா தூத்துக்குடிக்கே மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். அவர் விட்டுப்போன டப்பா ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. அதிலிருந்த வீடியோ கேசட்டுகளையெல்லாம் சி.டி.யாக மாற்றித் தங்கைக்கு அனுப்பலாம் என்று கடையில் கொடுத்தேன். ஒன்றின் மேல் 'கெட்டுப்போனது' என்று எழுதியிருந்தது. எழுத்து சித்தியுடையது. அதையும் சேர்த்தே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் போட்டேன். திரையில் பச்சைச் சூரியன். ஓரத்தில் ஒரு கடி. விளிம்பு பிசிறில்லாமல், கத்தரித்து ஒட்டியது போல இருந்தது.

"ஃபோகஸத் தொடாதீங்க," என்றது சித்தியின் குரல். "வெளிச்சத்த மட்டும் இன்னும் ஒரு கோடு குறைங்க."

"கொறச்சாச்சு, டீச்சர்."

"ஆஸ்தே போஷோ, மா," என்று இன்னொரு குரல், மெதுவாக உட்காரச் சொல்லி. கீழ்வீட்டு மாஷிமா, எங்கள் வீட்டுக்காரம்மாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பின்கதவு ஞாபகம் வந்தது. சித்தி அறையை ஒட்டிய குளியலறைக்குப் பின்னால், துப்புரவுக்காரர் வந்து போவதற்கென்று ஒரு சின்னக் கதவும் மொட்டைமாடிவரை போகும் இரும்புச் சுழல்படியும் இருந்தன. ஊரிலிருந்து வந்த அத்தை அதை ஒரு கதவாகவே எண்ணியதில்லை. நானும்தான்.

சூரியன் மெலிந்து பிறையாயிற்று. நகக்கீற்றாயிற்று. சங்கு கேட்டது, நான் கேட்ட அதே சங்கு. பிறகு சித்தி, "ரூம்ல டேப்ரிக்கார்டர்ல போட்டுட்டு வந்த என் பாட்டு முடியதுக்குள்ள எறங்கிரணும். பாவம், பிள்ள கதவுகிட்ட காவல் இருக்கு. அவளுக்கு இத மொதல்ல போட்டுக் காட்டிருங்க" என்றாள்.

"காட்டிருவோம். ஒரு நிமிஷம் இங்க திரும்பு."

கண்ணாடியை எடுத்திருக்க வேண்டும். திரை முழுக்க வெள்ளை. சித்தப்பா வெளிச்சத்தைக் கோடு கோடாகக் குறைக்கக் குறைக்க, அந்த வெள்ளைக்குள்ளிருந்து தண்ணீர்த் தொட்டி வந்தது, பிரம்பு மோடா வந்தது, அதில் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சித்தி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"என்னைய எதுக்கு எடுக்கிய? சூரியன எடுங்க," என்று சிரித்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. "இனி இத எப்படி வீட்ல போடுவிய?"

படம் அதோடு முடிந்தது.

அடுக்களையிலிருந்து அத்தை கேட்டாள். "யாருட்டி அது, ஒங்க சித்தி கொரல் மாதிரில்லா இருக்கு?"

"டிவியில நாடகம் அத்தை," என்றேன்.

கிரகணத்தன்று மத்தியானம், எல்லாம் கறுப்பாகக் கிடக்கிறது என்று சித்தப்பா சொன்னபோது, அறை வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. பாவம், சூரியனைப் பார்க்க முடியாமல் போன வருத்தம் அவளுக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.