பூந்தொட்டி வைத்த தெரு

கோயிலை ஒட்டிய எங்கள் கடைத்தெருவை நகரை அழகாக்கும் திட்டத்தில் சேர்த்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் எவரும் இருக்க மாட்டார்கள். ரவிக்கை தைக்கும் கடை என்னுடையது. சாக்கடை நாற்றம் தாங்காமல் வாசலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். இப்போது மூடிய கால்வாய், புது விளக்கு, தெரு நடுவே வரிசையாகச் சிமெண்டுப் பூந்தொட்டிகள். போட்டோ எடுத்துக்கொள்ளவே ஆட்கள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர்வீட்டு நெசவாளர் குடும்பத்துக்குத்தான் அந்தத் தொட்டிகள் வினையாக வந்தன. புடவையின் நீளவாட்டு இழைகளான பட்டுப் பாவைத் தறியில் ஏற்றுமுன், காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிய வேண்டும். ஓரமாகக் கட்டலாமென்றால் ஒரு பக்கம் என் கடைப் படி, மறுபக்கம் சர்பத் கடை பாயின் கொட்டகை.

எல்லோருமாக அந்தத் திட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம்.

"கவர்மெண்ட் சொத்தும்மா. தொட்டி மேல கை வெச்சா கேஸ் ஆயிடும்" என்றார் அதிகாரி. கேஸ் என்றதும் பயந்து திரும்பினோம்.

கொஞ்ச நாளில் எதிர்வீட்டு அக்கா அளவு ரவிக்கையைத் திரும்ப வாங்க வந்தாள். "ஊருக்கு வெளிய ஓரிக்கைல வீடு பாத்துட்டோம்மா. வாசல் நல்லா நீளமா இருக்குது. புதன்கிழமை போறோம்."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. பிறகு கோபம் வந்தது. இவர்களைத் துரத்திவிட்டு இந்த விளக்கெல்லாம் யாருக்காக எரிகிறது?

புதன்கிழமை காலை சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து தெருமுனையில் நின்றது. பீரோவை அவ்வளவு தூரம் தூக்க முடியாது; வண்டி வாசலுக்கு வரவோ தொட்டிகள் இடைஞ்சல். பாய் லுங்கியை மடித்துக் கட்டினார். "கேஸ் போட்டா போடட்டும்பா. கடைசியா ஒரு ஒத்தாசை." மிட்டாய்க் கடையில் வேலை செய்யும் வடநாட்டு ஆட்களும் ஓடி வந்தார்கள். தூக்குவதற்குப் பாஷை எதற்கு? தொட்டிகளைச் சாய்த்து, உருட்டி உருட்டி ஓரங்கட்டினோம்.

தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காலியாகக் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். உருட்டினால் நகர்கிற தொட்டி! பாவு கட்ட ஒருவருக்கும் தோன்றாத யோசனை, அவர்களை வழியனுப்பத் தோன்றியிருக்கிறது. எனக்கு எங்கள் எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது.

நெசவாளர் அண்ணன் உள்ளே போனார். ஓரிக்கையில் போய் நீட்டலாமென்று சுற்றி வைத்திருந்த பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"தெனமும் கடை தொறக்கறதுக்குள்ள தொட்டிய திருப்பி வெச்சிட்டா யாரு கேக்கப் போறாங்க?" என்று பாய் ஒரு முனையை வாங்கிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். இழைகள் மெல்ல விரிந்தன. நான் கடையைத் திறக்க மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வண்டிக்காரர் முனையிலிருந்து குரல் கொடுத்தார். "வழி வுட்டாச்சாக்கா? வண்டிய உள்ள வுடட்டா?"

அக்கா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாவு கட்டிக்கினு இருக்காங்க, கண்ணு தெரியல? திருப்பிக்கினு போப்பா."