அண்ணன் பிறந்த கார்

காலை ஆறு இருபதுக்கு, அண்ணன் மனைவியான எங்கள் மைனி பின்னறைக் கதவைத் திறந்தார். முதலில் தெரிந்தது மேஜைமேல் கறுப்பாகப் பளபளத்த ஒரு கார். உள்ளங்கையில் அடங்குவது, பெயின்ட் இன்னும் காயவில்லை. அதன் பிறகுதான் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்த அண்ணனைக் கண்டார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை.

எங்கள் அண்ணன் பிறந்தது ஒரு காரில். அப்பா தக்கலையில் லேண்ட்மாஸ்டர் டாக்ஸி ஓட்டினார். அம்மாவைக் குலசேகரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், அதன் பின்சீட்டில் அண்ணன் பிறந்தார். பிறகு அந்தக் கார் கைமாறி, எங்கோ உடைக்கப்பட்டது. அப்பா அதனருகே நிற்கும் புகைப்படம் ஒன்று மட்டும் மிஞ்சியது.

அப்பா இறந்ததும் அண்ணன் படிப்பை விட்டு, இரணியலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்குப் பெயின்ட் அடிக்கக் கற்றார். பிறகு வளைகுடாவில் நெடுங்காலம் அதே வேலை. என்னையும் தங்கையையும் படிக்கவைத்தது அந்த வேலைதான். அதை அண்ணன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஊர் திரும்பியபோது மூச்சிழுப்பும் கூடவே வந்தது. இறுகிக் காய்வதற்கு ஹார்டனர் கலந்த கார் பெயின்ட் இனி ஆகவே ஆகாது, அதன் காற்று துளி உள்ளே போனாலும் மூச்சு அடைக்கும் என்றார் டாக்டர். அண்ணன் அதன்பின் ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சிறு கார் செய்யும் கிட்டுகளைத் தபாலில் வரவழைத்தார்.

"ஒனக்குப் பொறந்த வீடு இருக்கு, போய்ப் பாக்கலாம். நான் எங்கடே போவேன்?" என்று என்னிடம் கேட்டார்.

லேண்ட்மாஸ்டருக்குக் கிட் எங்குமே கிடைக்கவில்லை. அதே காலத்து ஆங்கிலேயக் கார் ஒன்றின் கிட் இரண்டு வாங்கி, ஒன்றின் பின்பாகத்தை அறுத்து மற்றதில் பொருத்தி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை லேண்ட்மாஸ்டராக மாற்றினார். பெயின்ட் மட்டும் பழைய தொழிலின் அதே ஹார்டனர் பெயின்ட். வேறெதிலும் அப்பாவின் கறுப்பு வராது என்பார். தூசி விழக்கூடாதென்று, சாலையில் பஸ் ஓடத் தொடங்குமுன் ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு அடிப்பார். மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று அதையும் கழற்றிவிடுவார்.

"அண்ணே, டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" என்று கேட்டேன்.

"எலே, அவரு சொன்னது காருக்குல்லா. இது எலிக்குஞ்சு போல கெடக்கு. இதுக்கு மாஸ்க் போட்டா ஊரு சிரிக்காதா மக்கா?"

வாசலில் நின்ற மைனி, "எலிக்குஞ்சுதான் ஆளக் கொல்லப் போவுது. அந்த சவத்த வச்சிட்டு வந்து கஞ்சி குடியுங்கோ" என்றார்.

முதல் காரை முடித்ததும், பின்கண்ணாடி சரியில்லை என்று இன்னொன்று தொடங்கினார். அடுத்ததில் மூக்கு நீளமாம். ஒவ்வொரு காருக்குப் பிறகும் இருமல் கூடியது. மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். பிறகு, ஆலயத்தில் எழுந்து நின்று பாடுவதை நிறுத்தினார். கடைசிக் காரைத் தொடங்கியபோது, "இதோட விட்டிருவேன் பாத்துக்கோ" என்று மைனியிடம் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "காஞ்சாச்சா?" என்று கேட்டார்.

"காஞ்சாச்சு. ரொம்ப நல்லாருக்கு" என்றார் மைனி.

அண்ணன் இல்லையென்று தலையை அசைத்தார். அந்த வாரமே காலமானார்.

அன்று காலை அண்ணனைத் தூக்கி ஏற்றிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு ஆட்டோக்காரருக்கும், கடைசிவரை கவனித்த செவிலியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், கல்லறைத் தோட்டம்வரை நடந்துவந்த வளைகுடாத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள் அண்ணன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே அதே காரின் கிட் இரண்டு இருந்தன.