நெல்லிக்கட்டை போட்ட கிணறு

அப்பா கிணற்றில் நெல்லிக்கட்டையை இறக்கிய மறுநாள் காலையில் தண்ணீர் கறுப்பாக வந்தது.

கலங்கல் என்று சொல்ல முடியாது. கல்லூரி விடுதியில் நான் பேனாவுக்கு ஊற்றும் மசி எந்த நிறமோ, ஏறக்குறைய அந்த நிறம். வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்ட குரலில், யாரோ உள்ளே விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

தென்காசியில் எங்கள் வீட்டு வளவுக்குள் இருந்த அந்தக் கிணற்றில்தான் தெருவே தண்ணீர் எடுத்தது. சில மாதங்களாகவே அதன் ருசி கெட்டிருந்தது. வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போல இருக்கும். சோறு மஞ்சளாகப் பழுத்துப் போகும். விடுமுறைக்கு வந்த நான் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் தாவணி, ஒரே வாரத்தில் துருப்பிடித்த மாதிரி ஆனது. கோடையில் தண்ணீர் வற்றினால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. கிணற்றைத் தூர் வாரி, அடியில் நெல்லிக்கட்டையைப் போடுவது. உப்புத் தண்ணீரும் இனிக்கும் என்பார்கள். மாட்டுவண்டி அடிக்கும் அப்பா, குற்றாலத்துக்குச் சுமை இறக்கப் போனபோது, மலையடியில் ஒரு தோட்டத்தில் காற்றுக்கு விழுந்து கிடந்த நெல்லியைக் கேட்டு வாங்கி வந்தார். அவர் கைக்கு வந்தபோது அதில் இலையும் இல்லை, பட்டையும் இல்லை.

எதிர்வீட்டு அத்தை குடத்தோடு வந்தவள் வாளியைப் பார்த்ததும் பட்டை இல்லாததைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நெல்லின்னு நீங்க சொல்லுதீய. பட்டையில்லாத கட்டையில நெல்லின்னு எழுதியா இருக்கு? எட்டியா இருந்தா?"

எட்டி மரத்தில் கொட்டை மட்டுமில்லை, வேரும் பட்டையும்கூட நஞ்சு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். எத்தனையோ வருடம் மரம் ஏற்றியவர். இருட்டில் தடவிப் பார்த்தே இது வேங்கை, இது தேக்கு என்று சொல்லுபவர். அவரே இப்போது கிணற்றுக்குள் குனிந்து பார்த்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மதினி அடுக்களையிலிருந்து வந்தாள். அண்ணன் பெண்டாட்டி, நிறைமாதம்.

"இந்தத் தண்ணியவா? நான் விடியதுக்கு முந்தியே ஒரு செம்பு குடிச்சிட்டனே," என்றாள்.

அம்மா அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மாட்டை அவிழ்க்கப் போனார். பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டுகிறார் என்று புரிந்தது. தெருப் பெண்கள் மதினியைச் சுற்றி நின்று அவள் கையையும் காலையும் பார்த்தார்கள். இழுப்பு வருகிறதா என்று பார்த்தார்கள்.

"எல்லாரும் இப்படிப் பாத்தா எனக்கு இல்லாத இழுப்பும் வந்துரும்," என்றாள் மதினி.

"எட்டின்னா கசக்கும்லா. கசந்துதாட்டி?" என்றாள் அத்தை.

"கசக்கல அத்தை. இரும்பு வாசந்தான் அடிச்சுது. அது நெதமும் அடிக்கதுதான?"

அந்தச் சொல் என்னை நிறுத்தியது. இரும்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பத்தோடு நிற்காமல் கல்லூரிக்கும் போய் ரசாயனம் படித்தேன். "பொட்டப்பிள்ளை திராவகத்தைப் படிச்சு என்ன ஆக்கப் போறா?" என்று இதே அத்தை கேட்டிருக்கிறாள். பள்ளியில் எங்கள் ஆசிரியை கடுக்காய் ஊறலில் அன்னபேதியைப் போட்டு மசி செய்து காட்டியது நினைவுக்கு வந்தது. நாட்டு மருந்துக் கடையில் பச்சையாக விற்கும் அன்னபேதி, இரும்பின் உப்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். நெல்லியும் துவர்ப்புத்தான்.

அடுக்களைக்கு ஓடினேன். முந்தின நாள், கட்டை போடுவதற்கு முன்னால் பிடித்த தண்ணீர் ஒரு குடத்தில் தெளிவாக இருந்தது. அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்ச வைத்திருந்த நெல்லிவற்றலை நொறுக்கிப் போட்டேன். வற்றலைச் சுற்றி முதலில் ஊதா நிறத்தில் புகை போல ஒன்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தம்ளர் முழுவதும் வாளியில் இருந்த அதே கறுப்பு.

வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் தம்ளரை நீட்டினேன்.

"அப்பா, இது நேத்துத் தண்ணி. இதுல உங்க கட்டை இல்ல. நம்ம வீட்டு நெல்லிவத்தல்தான் போட்டேன். நெல்லி பட்டாலே இப்படிக் கறுக்குது. எட்டின்னா மதினிக்குக் கசந்திருக்கும். கட்டை நெல்லிதான். தண்ணியிலதான் இரும்பு இருக்கு."

அப்பா தம்ளரை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. நெற்றியை வண்டியின் நுகத்தடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

"வண்டிதான் கட்டியாச்சே. அப்படியே குத்தாலத்துக்குப் போயி குளிச்சிட்டு வந்துருவோம்," என்றாள் மதினி.

"அருவியில பாறைதான் கிடக்கு, பேசாம ஏறு," என்றார் அப்பா. படித்த மகள் சொன்னாலும் டாக்டரும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பினார்.

அவர்கள் வருவதற்குள், இரவு வேலை முடித்து வந்த அண்ணனை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் வளவுச் சுவருக்குப் பின்னால் இருந்த வாளிப் பட்டறையில்தான் அவனுக்கு வேலை. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, மடிப்பு அடித்து வாளி ஆக்குவார்கள். துரு போகத் திராவகத்தில் முக்கி எடுத்து, பிறகு உருக்கிய துத்தநாகத்தில் தோய்ப்பார்கள்.

"முக்கின திராவகத்தை என்னண்ணே செய்வீய?"

"வீரியம் போனதும் பின்னால குழியில ஊத்துவோம். மண்ணு குடிச்சிரும்."

"எந்தத் திராவகம்?"

"கந்தகத் திராவகந்தான்."

கந்தகத் திராவகமும் இரும்பும் சேர்ந்தால் வருவது அன்னபேதி. குற்றாலச் சீசனுக்கு விடுதிகள் எல்லாம் வாளி கேட்டிருந்ததால் அந்தக் கோடையில் பட்டறை ஓயவே இல்லை. மண் குடித்ததை எங்கள் கிணறும் குடித்திருக்கிறது.

பட்டறை முதலாளியைத் தெருவில் எல்லோரும் அண்ணாச்சி என்போம். கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு, வெற்றிலை வாயோடு சிரித்தார்.

"ஏட்டி, காலேஜில கிணத்துல மசி காச்சவா சொல்லிக் குடுக்காவ?"

"குழித் தண்ணியில இந்த வத்தலைப் போட்டுக் காட்டுதேன். நீங்களே பாருங்க அண்ணாச்சி."

குழியிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு வந்தான் அண்ணன். இளம்பச்சையாக இருந்தது. வற்றலைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கலக்கினேன். அப்போதும் பச்சைதான். தகடு அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "மசி காயலையாட்டி?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தான். அவன் வேலை போய்விடுமோ என்று நினைத்தேன்.

கிணற்றில் கறுத்தது குழியில் ஏன் கறுக்கவில்லை? தம்ளரில் விரலை நனைத்தேன், நகக்கண் எரிந்தது. கிணற்றுத் தண்ணீரில் இந்தத் திராவகப் புளிப்பு இல்லை. வருகிற வழியில், சுண்ணாம்பு கலந்த எங்கள் ஓடைக்கல் மண் அதைத் தின்றுவிடுகிறது. புளிப்பு இருக்கும்வரை கறுப்பு வெளியே வராது.

"அண்ணாச்சி, உங்க சுண்ணாம்பு டப்பியைக் குடுங்க."

"எதுக்கு? வெத்தலை போடப் போறியா?"

விரலில் வழித்துச் சுண்ணாம்பைத் தம்ளரில் கரைத்தேன். முதலில் குழம்பியது. இன்னும் கொஞ்சம் வழித்துப் போட்டேன். அடியிலிருந்து கறுப்பு எழுந்து மேலே வந்தது. வாளியில் பார்த்ததைவிட நல்ல கறுப்பு. தகடு அடிப்பவர்கள் தம்ளரைச் சுற்றிக் கூடினார்கள்.

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தம்ளரைப் பார்த்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போகும்.

"சோறு ஏன் பழுக்குதுன்னு என் பொண்டாட்டிகிட்ட தெனமும் சண்டை போட்டுட்டு இருக்கேன்," என்றார் மெதுவாக. "ஏலே, இனிமே குழியில ஒரு சொட்டு ஊத்தப்பிடாது."

அவரை மிரட்ட அன்று எந்தச் சட்டமும் எனக்குத் தெரியாது. அவர் சொன்னபடி நடந்தார். செங்கல்லால் தொட்டி கட்டி, திராவகத்தில் சுண்ணாம்பைக் கொட்டிப் புளிப்பை முறித்து, தங்கும் சகதியை ஊருக்கு வெளியே கொட்டச் செய்தார். அதை ஏற்றிப் போனது அப்பாவின் வண்டிதான். வற்றிய கல்குழியில் கொட்டுவதாகச் சொன்னார். அந்தக் குழிக்குக் கீழே யாருடைய கிணறு இருக்கிறது என்று நான் கேட்டேன். ஒரு கிணறும் இல்லை என்றார். நானும் போய்ப் பார்த்தேன், இல்லைதான். ஆனாலும் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நினைவு போகும்.

மதினிக்கு ஆனியில், முதல் சாரலோடு பெண் பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டச் சிற்றாற்றிலிருந்து தண்ணீர் சுமந்தோம். கட்டையை வெளியே எடுத்து, கிணற்றை இறைத்து இறைத்து விட்டோம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு தம்ளரில் நெல்லிவற்றலைப் போட்டுப் பார்ப்பேன். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு வற்றல் வெறும் வற்றலாக மிதந்தது.

அடுத்த கோடையில் அப்பா அதே கட்டையைத் திரும்பக் கிணற்றில் இறக்கினார். வேறு கட்டை வாங்கலாமே என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில் தெருவே வந்து நின்றது. வாளி மேலே வந்தபோது அதன் அடி தெரிந்தது.

அப்பா ஒரு செம்பு குடித்தார். இன்னொன்றை மொண்டு, எதிர்வீட்டு அத்தையிடம் நீட்டினார்.

"குடி தங்கச்சி. எட்டித் தண்ணி."

அத்தை என்னைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள்.

"இனிக்கத்தான் செய்யுது," என்று சொல்லிவிட்டு, குடத்தைக் கிணற்றடியில் வைத்தாள்.