உள்ள போ, படியில நிக்காத!

எங்கள் தொழிலில் மேடைகூடக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைதான் கிடைக்காது. தாம்பரம், பெருங்களத்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நாடகம், ஓவியம் என்று பட்டறை நடத்துவது என் வேலை. அடுக்குமாடியில் நீச்சல் குளத்தோடு வளரும் பிள்ளையும், அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. வட்டம் போடுவது சுலபம். உட்கார வைப்பதற்குள் டியூஷன், கோச்சிங், சித்தி வீட்டு வளைகாப்பு எல்லாம் வந்துவிடும். பத்துப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஓரிடத்தில் வைத்திருக்க முயன்று நொந்த ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிறந்தநாள் விழா நடத்தியவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தன்னம்பிக்கை

பெருங்களத்தூர் குடியிருப்பு ஒன்றில் ஆள் சேர்க்கப் போயிருந்தேன். ஒரு அப்பா, ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நின்று நிதானமாகக் கேட்டார். நாடகம் போட்டால் பையனுக்கு என்ன கிடைக்கும்? கூச்சம் போகும், நாலு பேர் முன்னால் பேச வரும், தன்னம்பிக்கை வளரும் என்று நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். பக்கத்தில் நின்ற மகன், நான் சொல்வதில் இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அதெல்லாம் இவன்கிட்ட ஏற்கெனவே ஓவரா இருக்கு மேடம். அடக்கத்துக்கு ஏதாவது கிளாஸ் எடுக்கிறீங்களா?"

சத்தமில்லாத வகுப்பு

ஷீலாவுக்குப் பதினேழு வயது. காது கேட்காது, எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பட்டறைக்கு அவள் வந்த புதிதில் எல்லோரும் அவளிடம் அளவுக்கு மீறி நல்லபடியாக நடந்துகொண்டார்கள். நாற்காலி எடுத்துப் போட்டார்கள், சிரித்தார்கள், அவளுக்கே முதலில் பிஸ்கட் நீட்டினார்கள். ஒருவர்கூட அவளோடு பேசவில்லை. சரி, சைகை மொழி கற்றுக்கொடுப்போம் என்று நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாரமே கொட்டாவி விட்டார்கள்.

ஒருநாள் கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டு பையன்கள் ஏதோ முணுமுணுக்க, இந்தக் கோடியில் ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன என்று கேட்டேன். போனில் தட்டிக் காட்டினாள்: 'அக்கா பேச ஆரம்பிச்சா ஃபேன் சத்தமே கேக்கலையாம்.' பையன்கள் இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அடுத்த நிமிடமே அவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம். சத்தமே போடாமல் இவ்வளவு தூரத்தில் பேசிக்கொள்ள முடியுமா? அன்றிலிருந்து மொத்தக் கூட்டமும் ஷீலாவைச் சுற்றியே உட்கார்ந்தது. சைகை மொழிக்கு அவள் கண்டிப்பான வாத்தியார். விரல் கொஞ்சம் கோணினாலும் தட்டிவிடுவாள். கெட்ட வார்த்தைகளை முதலில் கேட்டார்களாம், கடைசியில்தான் சொல்லித் தருவேன் என்றாளாம்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை போன் செய்தார்: "பசங்க திடீர்னு அமைதியாயிட்டாங்கன்னு ஹெச்.எம்.கிட்ட பெருமையா சொல்லிட்டேன் மேடம். இப்பதான் தெரியுது, நான் போர்டு பக்கம் திரும்பினா கிளாஸ் மொத்தமும் கையாலயே அரட்டை அடிக்குது!"

சுவர்

பெருங்களத்தூரில் ஆள் சேர்க்கப் போன அதே குடியிருப்பின் பின்பக்கச் சுவரில் படம் வரைய அனுமதி கேட்டோம். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. மரம், பறவை, தூய்மை, இவற்றைத் தவிர வேறு எதுவும் கூடாது என்றார். தெருப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது, வெளியில் நின்று வரைந்துகொள்ளட்டும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளுக்கு வரவில்லை. வெளியில் நின்றால் என்ன தெரியுமோ அதை வரைகிறோம் என்றார்கள்.

வரைந்தார்கள். பால்கனி பால்கனியாக அந்தக் கட்டடத்தையே வரைந்தார்கள். ஜட்டி காயப்போட்ட கொடி, ஆன்லைன் மீட்டிங்கில் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக ஒருவர், தெருவில் நிற்கும் காய்கறி வண்டிக்குக் கயிறு கட்டிக் கூடை இறக்கும் ஒரு மாமி. கீழே, காதில் ஹெட்போன் மாட்டி நடைப்பயிற்சி போகும் செயலாளர். குடியிருப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து தங்கள் பால்கனியைத் தேட ஆரம்பித்தார்கள். யார் வரைந்தது என்று கேட்டார்கள், பேசினார்கள். மாமி உள்ளே ஓடிப்போய் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார்.

கடைசியாகச் செயலாளர் வந்தார். பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். வெள்ளையடிக்கச் சொல்லப்போகிறார் என்று நான் வாதத்துக்குத் தயாரானேன். அவர் என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "படம் இருக்கட்டும். பசங்களை உள்ள கூப்பிடுங்க, நான் வாசல்ல நிக்கிறேன், என்னை நேர்ல பாத்துட்டு அந்தத் தொப்பையை மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க."

லைட் கம்பம்

அந்த வருட நாடகத்தின் கதை பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நடப்பது. ஊருக்குப் போகும் கூட்டம், ஒரே பஸ், எல்லோரும் ஏற வேண்டும். பட்டறையில் பிகாஷ் என்று ஒரு ஒடிசாப் பையன். அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை. அவனுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறும். அதனால் பிள்ளைகள் அன்போடு ஒரு முடிவெடுத்தார்கள்: அவன் லைட் கம்பமாக நிற்கட்டும். நின்றான், பாவம், அசையாமல்.

கண்டக்டராக நடிக்க வேண்டியவன் ஒருநாள் கோச்சிங்குக்கு ஓடிவிட்டான். கம்பம் மெதுவாக நகர்ந்து வந்து விசிலை எடுத்தது. "உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத! சில்லறை குடு! பையைத் தலையிலயா வைப்ப, கீழ வை!" ஒரு எழுத்து பிசகவில்லை. பிள்ளைகள் நிஜமாகவே நெருக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எங்கேடா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "டெய்லி பஸ்ல என்னைத்தானே திட்டுறாங்க அக்கா, எல்லாம் மனப்பாடம்."

கூடை

அந்த நாடகத்தில் ஒரு காட்சி தேவி சொன்னது. அதிகம் பேசாத பெண். வீடு எங்கே என்றால் "அந்தப் பக்கம்" என்பாள். மீன் கூடையோடு ஒரு அம்மா பஸ்ஸில் ஏறுகிறார், நாறுகிறது என்று கண்டக்டர் இறக்கிவிடுகிறார், எங்கேயோ பார்த்தேன் என்றாள். அவளையே மீன்காரம்மாவாக நடிக்கச் சொன்னோம். பிகாஷ் அதட்ட, அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போவாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் கூடம் கனத்துப்போகும்.

நாடகத்தன்று கூடத்துக்கு வெளியே இருந்த திடலில் நல்ல கூட்டம். அந்தக் காட்சி வந்தது. பிகாஷ் அதட்டினான். தேவி ஒரு காலைக் கீழே வைத்தாள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏ தேவி! இன்னாத்துக்குடி எறங்குற?"

திரும்பிப் பார்த்தோம். இடுப்பில் காலிக் கூடையோடு ஒரு அம்மா. தாம்பரம் மார்க்கெட்டில் நாங்கள் ஒட்டிய நோட்டீஸில் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, வியாபாரத்தை முடித்து நேராக வந்திருக்கிறார். தேவி எங்கள் யாரிடமும் சொல்லாத அம்மா.

தேவியின் குரல் உள்ளே போய்விட்டது. "கதை அப்படிம்மா."

"இன்னா கதை? இத்தினி வருஷமா கோவளத்துலேர்ந்து கூடைய தூக்கினு வர்றேன். எத்தினி பேரு கத்திக்கீறான்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் எறங்கிக்கீறேனா? ஏறி குந்துடி!"

பிகாஷ் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தான். நான் தேவியைப் பார்த்தேன். தேவி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே வைத்த காலை எடுத்தாள். ஏறினாள். பஸ் சீட்டாகப் போட்டிருந்த மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலியில் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஷீலா அவள் பக்கம் சாய்ந்து, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிகாஷ் விசில் ஊதினான். "ரைட், ரைட்!" கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அடுத்து கூடுவாஞ்சேரியில் போட்டபோது முடிவை அப்படியே வைத்துக்கொண்டோம். நோட்டீஸ் அடிக்கும்முன் தேவி வந்து நின்றாள்: "கதைன்னு போடுற எடத்துல எங்கம்மா பேரைப் போடுங்க அக்கா, பக்கத்துல மீன் வியாபாரம்னும் போடுங்க."

பிள்ளைகளை மாற்றிக் காட்டுகிறோம் என்று போகிற இடமெல்லாம் மைக்கில் சொல்லிவிட்டு, திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் நாடகத்தின் கடைசிக் காட்சியை மாற்றிக்கொண்டிருப்பது என்னவோ நாங்கள்தான்.