மூன்றாம் நாள் வெந்த விதை

எங்கள் அக்கா மறைந்து ஆண்டு ஒன்று முடிகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்தவளின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதும்படி தம்பி கேட்டுக்கொண்டார். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கெட்டதெல்லாம் எங்களைப் பற்றியது. அதை விட்டுவிட்டு எழுதினால் அக்காவின் கதை பாதிதான் வரும்.

அக்கா பிறந்தது சத்தியமங்கலத்துக்கு அருகே, பவானிக் கரையில். அப்பா அங்கே வாரத்துக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார். அந்த நிலம் கைமாறியதும் குடும்பம் சோமனூருக்கு வந்து தறிக் குடோனில் வேலைக்குச் சேர்ந்தது. எட்டாம் வகுப்போடு அக்காவை நிறுத்தி, தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார வைத்தார்கள். அவர் சுற்றிய நூலில்தான் நானும் தம்பியும் படித்தோம். இதைக் கல்யாண வீடுகளில் சொல்லும்போது தம்பிக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார். நானும் அவர் பின்னாலேயே போனவள்தான்.

அக்காவைக் கருமத்தம்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். நாலாவது வருடம் மாமா விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் அக்காவை அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பக்கூட ஆளில்லை. போகிற போக்கில் அக்கா அந்த வீட்டு வேலியில் காய்ந்து தொங்கிய அவரை நெற்றுகளில் ஒரு கை பறித்து, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். நாலு வருட வாழ்க்கையில் அவர் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

சோமனூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்போது கல்லும் கரடுமாகக் கிடந்தது. அதைக் கொத்தி, கல் பொறுக்கி, அந்த விதையைப் போட்டார் அக்கா. பட்டையான காய், ஊதா ஓரம். உள்ளே கருஞ்சிவப்புக் கொட்டை, முதுகில் வெள்ளைக் கோடு. அதற்குப் பிறகு கத்தரி, வெண்டை, பீர்க்கு, புடலை எல்லாம் வந்தன. ஆனால் பந்தலின் முதல் கால் எப்போதும் அவரைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அக்கா எனக்குப் போன் செய்வார். நான் கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறேன். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் துணி மடிப்பேன், இட்லிக்கு ஊற வைப்பேன், இடையிடையே 'ம்' போடுவேன். அக்கா மாதக் கணக்கில் பேசுவார். சித்திரையில் மண்ணைக் கொத்தி வெயிலுக்குப் போட்டிருப்பதாகச் சொல்வார். வைகாசியில் ஆட்டுப் புழுக்கை வந்துவிட்டது, ஈரம் காய்வதற்குள் மண்ணோடு கலக்க வேண்டும் என்பார். ஆனியில் பந்தல் கட்டு. பக்கத்து வீட்டில் ஒரு தறிக்கார அண்ணன் இருக்கிறார். தறியில் மிஞ்சும் கழிவு நூலைச் சுருட்டி மதில் மேல் வைத்துவிடுவார். அக்கா அதை மூன்று புரியாகத் திரித்துக் கொடி ஏறக் கட்டுவார். ஆனிக் கடைசியில் விதையை எடுத்து வெயில் காட்டி, தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, மூழ்கியதை மட்டும் சாணிப்பாலில் நனைத்து நிழலில் உலர்த்துவார். ஆடி பிறந்ததும் ஊன்றுவார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாது. தை மாதம் எங்கள் எல்லோர் வீட்டுக்கும் பை பையாக அவரைக்காய் வரும். அதோடு ஒரு சின்னக் கவரில் விதையும் வரும், மேலே அக்காவின் கையெழுத்தில் 'ஆடி' என்று எழுதி.

அந்தக் கவர் வராத வீடு நம் சொந்தத்தில் இல்லை. ஞாபகம் இருக்கிறதா? இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

தம்பிக்கு அந்தப் பின்பக்க இடத்தில் வாடகைக்கு லைன் வீடு கட்ட ஆசை. ஊரில் இடம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான், குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு தைப் பொங்கலன்று அக்கா அதைப் பற்றி அவரிடம் கேட்டே விட்டார். தம்பியும் நல்ல மனநிலையில் இருந்தார். "கொடி இருக்கற வரைக்கும் அந்த எடத்த நான் தொடமாட்டனுங்க்கா" என்றார். அக்கா சிரித்தார். அன்றைக்கு இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

போன வருடம் சித்திரையிலேயே அக்காவுக்கு வயிறு சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் 'ம்' என்றுதான் கேட்டிருப்பேன். மண்வெட்டியைத் தூக்க முடியாமல் களைக்கொத்தியால் உட்கார்ந்தபடியே மண்ணைக் கொத்தி முடித்திருக்கிறார். ஆனி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாள் கடந்துவிட்டது என்றார்கள்.

கடைசியாக அவர் தெளிவாகப் பேசியது ஒரு மத்தியானம். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அலுவலகத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். "அம்மணி, அவர வெத அட்டாலியில பச்ச டப்பால இருக்குது. வேப்பில போட்டு வெச்சிருக்கறேன். ஆடி பொறந்ததும் போட்டுரு கண்ணு" என்றார். சரிங்க்கா என்றேன். அது என் வாய் சொன்னது. காதில் விழுந்ததா என்றால், விழவில்லை. அதற்கப்புறம் அக்கா பேசவில்லை. ஆனி முடியப் பத்து நாள் இருக்கும்போது போய்விட்டார்.

மூன்றாம் நாள் காரியத்துக்கு நினைத்ததைவிட அதிகம் பேர் வருவார்கள் என்று முந்தின நாள் சாயங்காலம் தெரிந்தது. சமைக்க வந்த பெண்கள் குழம்புக்கு ஏதாவது பயறு இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் ஸ்டூல் போட்டு அட்டாலிப் பரணில் தேடினேன். பச்சை டப்பா கையில் பட்டது. திறந்தேன். வேப்பிலைச் சருகுக்கு நடுவே நிறையக் கொட்டை. வண்டு வராமல் இருக்க வேப்பிலை போட்டுப் பயறு வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே. என் கையாலேயே எடுத்துக் கொடுத்து, கழுவி ஊற வைக்கச் சொன்னேன். ராத்திரி முழுதும் அண்டாத் தண்ணீரில் கிடந்து விதை ஊறியது. முளைக்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருக்கும்.

மறுநாள் கத்தரிக்காய் போட்டு வைத்த அந்தக் குழம்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது. தம்பி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். தறிக்கார அண்ணன் மட்டும் சோற்றைப் பிசையாமல் நிறுத்திவிட்டார். ஒரு கொட்டையை விரலால் ஒதுக்கி, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். நான் ரசம் வாளியோடு அவர் முன்னால் நின்றேன். "ஏனுங் அம்மணி, இது அக்காளோட வெதக்கொட்டையாட்ட இருக்குதுங்களே" என்றார்.

அப்போதுதான் காதில் விழுந்தது. அந்த ஆஸ்பத்திரி மத்தியானம் சொன்னது முழுதும், வார்த்தை விடாமல், அப்போதுதான் விழுந்தது. உள்ளே ஓடினேன். அண்டாவில் அடிக்குழம்பு இருந்தது. பச்சை டப்பாவில் வேப்பிலை மட்டும் இருந்தது.

பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்காத சனம் என்று நம்மைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நாம் பஞ்சம் இல்லாமலே, பரிமாறித் தின்றோம்.

பிறகு உங்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன், மறந்திருக்க மாட்டீர்கள். அக்கா கொடுத்த விதை இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாறும்போது போய்விட்டது என்றீர்கள். எலி தின்றது என்றீர்கள். ஒரு அத்தை உண்மையைச் சொன்னார், வறுத்துத் தின்றுவிட்டாராம். அவருக்கு மட்டும் என் நன்றி. உங்களையெல்லாம் திட்டிக்கொண்டே என் வீட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தால், அடியில் அக்காவின் கவர்கள் எட்டோ ஒன்பதோ கிடந்தன. ஒன்றின் ஸ்டேப்ளர் பின்னைக்கூட நான் எடுத்திருக்கவில்லை. அநேகமாக எல்லாம் வண்டு துளைத்து மாவாகியிருந்தது. ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியவளின் யோக்கியதை அது.

முழுதாக இருந்த ஏழு கொட்டையைப் பொறுக்கி, ஆடி முதல் தேதி சோமனூருக்குப் போய் ஊன்றினேன். தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. மிதக்கும் என்று தெரியும். வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் விட்டேன். ஆடி பதினெட்டும் போனது. மண் வாய் திறக்கவில்லை. அதுவரை தம்பி ஒன்றும் சொல்லாமல் பொறுத்திருந்தார். எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று உருகிப்போனேன். ஆடியில் கட்டட வேலை தொடங்கக் கூடாது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஜேசிபி வந்தது. அக்கா உட்கார்ந்து கொத்திய மண்ணை அரை மணி நேரத்தில் வழித்துப் போட்டுவிட்டது.

தை மாதம் தறிக்கார அண்ணன் கோயமுத்தூருக்கு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பை. பட்டையான காய், ஊதா ஓரம். "செவுத்துக்கு எங்க பக்கம் அதுவா மொளச்சிருக்குதுங்க அம்மணி. ஐப்பசியில சன்னல்ல ஏறுனப்பத்தான் பாத்தேன். நூலு கட்டி உட்டேனுங்க" என்றார். முந்தின தையில் எங்கள் பந்தலிலிருந்து அந்தப் பக்கம் வெடித்து விழுந்த ஏதோ ஒரு நெற்று. ஆகவே ஆவணியில் ஜேசிபி வந்தபோது, ஒரு செங்கல் மதிலுக்கு அந்தப் பக்கம், அக்காவின் கொடி உயிரோடு இருந்திருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன். "நான் சொன்னது நம்ம பக்கத்துக் கொடியத்தானுங்க்கா" என்றார். இதை அவர் அச்சுக்குப் போகுமுன் படிப்பார். இந்த வரியை அடிக்காமல் விட்டால் அது அவர் பெருந்தன்மை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் உடல்நிலை கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு நன்றி. தோள் கொடுத்தவர்களுக்கும், மூன்றாம் நாள் சமைத்தவர்களுக்கும், குழம்பு அருமை என்று சொல்லிப் போனவர்களுக்கும் நன்றி. தறிக்கார அண்ணனுக்கு நன்றி சொன்னால் அது சின்ன வார்த்தையாக இருக்கும். அவர் பங்குனியில் நெற்றுகளைக் காயவைத்து, கொட்டையெல்லாம் எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்றைக்கூட நான் எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. என் லட்சணம் எனக்குத் தெரியும்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கவர் ஒட்டியிருக்கிறது. உள்ளே மூன்று கொட்டை. மேலே 'ஆடி' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து, அக்காவின் எழுத்தைப் பார்த்து எழுதியது. இது உங்கள் கைக்கு வரும்போது ஆனி முடிய நாலைந்து நாள்தான் இருக்கும். தயவுசெய்து கவரைத் திறந்துவிடுங்கள். அக்காவைப் பற்றி இனி என்னிடம் போனில் உருக வேண்டாம். ராத்திரி ஊற வையுங்கள். விடிந்ததும் மண்ணில் போடுங்கள், அடுப்பில் அல்ல.