ஒரு சாண் அகலம்

இராயபுரத்து வீட்டைக் குடியிருந்தபடியே இடித்துக் கட்டினோம். நடக்க முடியாத அப்பா வேறெங்கும் வர மறுத்துவிட்டார். சோற்றில் சுண்ணாம்பு, தலையணையில் செங்கல்தூள், ஜன்னலைத் திறந்தால் துறைமுக லாரிகளின் புழுதி. பகலெல்லாம் வீடு தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

கொத்தனாருக்கு ஒட்டிய கன்னம், இமைமயிர்வரை வெள்ளைத்தூள். தினமும் முதல் அடிக்கு முன்னால் அப்பாவின் அறைக்குள் தலையை நீட்டுவார்.

"நைனா, இடிக்கப் போறேன். காதப் பொத்திக்கோ."

"செவுடனுக்கு இன்னாடா சத்தம்? இடி!"

அப்பாவுக்குக் கடலைக் காட்ட வேண்டும். சக்கர நாற்காலி வெளியே வர அந்த அறைவாசலை அகலப்படுத்தச் சொல்லியிருந்தேன். நான் போட்ட கோடுவரை இடித்தவர் நிறுத்தவில்லை. கோட்டைத் தாண்டி உளியை வைத்தார்.

"போதும்ப்பா, சேர் தாராளமா போவும்."

குரலைத் தாழ்த்தினார். "சேர் போவும்ண்ணே. ஐஸ் பொட்டி நொழையாது. எங்கம்மாவுக்கு அப்டித்தான் ஆச்சு. பொட்டியத் தெருவுலயே வச்சேன். ராவெல்லாம் மழை."

பிணம் வைக்கும் பெட்டியைச் சொல்கிறார் என்று புரிந்ததும் திட்ட வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அப்பா கத்தினார்: "இன்னாடா நின்னுட்ட? இடி!"

செவிடர் எதைக் கேட்டாரோ. கொத்தனார் இடித்தார்.

இப்போது மாலைதோறும் நாற்காலி கடலுக்குப் போய் வருகிறது. அந்த மனிதரை இன்றுவரை என்னால் வையவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை. வாசலைக் கடக்கும்போது நாற்காலி போக மிஞ்சும் அந்த ஒரு சாண் இடைவெளியை அப்பாவும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன்.